அகழான் ஆட்டம்

வலங்கைமான் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டே விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று, தீபாவளிக்கு முன்னால் வண்டி போட்டுக்கொண்டு வந்து வாங்கிப் போகிற வெடி. இன்னொன்று, பங்குனி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மகா மாரியம்மன் கோயிலில் நடக்கும் பாடைக் காவடி. நோயில் கிடந்து பிழைத்தவர்கள், நேர்ந்துகொண்டபடி, செத்தவர்களைப் போலப் பாடையில் படுத்துக் கோயிலைச் சுற்றி வருவார்கள். முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும். ஆனால் சுற்றி முடித்துப் பாடையிலிருந்து எழுந்து உட்காருகிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

இந்தக் கட்டுரை வெடியைப் பற்றியும் இல்லை, காவடியைப் பற்றியும் இல்லை. ஒரு திருவிழா அன்றைக்கு அந்த ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த மரப்பெட்டியைப் பற்றியது. பெட்டியின் மேல் ஐந்து ஓட்டை. ஓட்டை வழியாக எலி தலை தூக்கும். அது உள்ளே போவதற்குள் சுத்தியலால் ஒரு போடு போட வேண்டும். அவ்வளவுதான் மேட்டர். பெரிய ஊர் மால்களில் 'வேக்-அ-மோல்' என்று கலர் லைட்டெல்லாம் போட்டு வைத்திருப்பார்களே, அதேதான். இது மட்டும் பழைய பிளைவுட்டிலும் சைக்கிள் ட்யூபிலும் செய்தது.

செய்தவன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பையன். உதவிக்கு ஏழாம் வகுப்புத் தங்கை. அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். வீட்டில் மிச்சம் இருப்பது தாத்தா. கதையில் முக்கியமான ஆள் அவர்தான்.

கிட்டி வைத்தவர்

தாத்தா இள வயதில் பார்த்தது எலிக்குக் கிட்டி வைக்கிற வேலை. 'தஞ்சாவூர்க் கிட்டி' என்று விவசாயப் புத்தகங்களிலேயே பெயர் உண்டு. மூங்கில் பிளாச்சை வில் மாதிரி வளைத்து, நாண் கட்டி, நடுவில் தீனி வைப்பார்கள். எலி தீனியை இழுத்த உடனே வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கிவிடும். விஷம் கிடையாது, கரண்ட் கிடையாது, இரும்புகூடக் கிடையாது. பொழுது சாய்கிற நேரத்தில் வயலில் வைத்துவிட்டு, விடியற்காலையில் போய் எடுக்க வேண்டும். கூலி எலிக் கணக்கில்.

அந்த எலிக்கு டெல்டாவில் அகழான் என்று பெயர். அகழ்ந்துகொண்டே இருப்பதால் அகழான். கோட்டையைச் சுற்றி அகழ்ந்தால் அகழி, வரப்பை அகழ்ந்தால் அகழான். விலங்கியலில் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ் என்பார்கள். பெருச்சாளியின் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலீஷில் பாண்டிகூட் என்கிற வார்த்தையே தெலுங்கின் 'பந்திகொக்கு'விலிருந்து போனதுதான். பன்றி எலி என்று அர்த்தம். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் இந்தச் சின்னத் தம்பிக்கு 'இந்தியன் மோல் ரேட்' என்று பெயர் வைத்தார்கள். நிஜமான மோல் தமிழ்நாட்டில் கிடையாது. மண்ணைத் தோண்டி மூட்டிவிட்டுப் போகிற ஜீவனைப் பார்த்ததும் அவர்களுக்குத் தங்கள் ஊர் மோல்தான் ஞாபகம் வந்திருக்கிறது. ஆக, அந்த மால் விளையாட்டில் ஓட்டையிலிருந்து தலைதூக்கும் பிராணிக்கு வலங்கைமானில் சரியான ஆள் அகழான்தான்.

இது செய்கிற வேலை விளையாட்டு இல்லை. பயிர் தூர் கட்டும்போதே அடித்தண்டைச் சாய்வாக அறுத்துப் போடும். கதிர் வந்த பிறகு கதிரையே அறுத்து வளைக்குள் இழுத்துச் சேர்த்து வைக்கும். ஒரு வளைக்கு ஒரு வாசல் என்று நினைத்துவிடக் கூடாது. பல வாசல் இருக்கும். ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் புது மண் தள்ளியிருக்கும். வரப்பைக் குடைந்துவிட்டால் தேக்கி வைத்த தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த வயலுக்குப் போய்விடும். அறுவடை முடிந்ததும் நிலமில்லாத ஜனங்கள் வளையை வெட்டி, எலி சேர்த்து வைத்த நெல்லை எடுத்து வந்து குத்திக் காய்ச்சிக் குடித்த காலம் உண்டு. எலியும் ஏழையும் ஒரே களஞ்சியத்தில் பங்கு போட்டுக்கொண்ட கதை அது. 2017 மார்ச்சில் டெல்லி ஜந்தர் மந்தரில் அய்யாக்கண்ணு தலைமையில் உட்கார்ந்த தமிழ்நாட்டு விவசாயிகள் எலியை வாயில் கவ்விக்கொண்டு போட்டோவுக்கு நின்றது ஞாபகம் இருக்கலாம். இனி எலியைத்தான் தின்ன வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடைக்கவில்லை.

எலி பிடிக்கிறவர்களின் பாடும் லேசானது இல்லை. வடக்கே திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் இருளர்கள் மண்பானையில் ஓட்டை போட்டு, உள்ளே வைக்கோல் எரித்து, வாயாலேயே ஊதி வளைக்குள் புகையை ஏற்றுவார்கள். ஊதுகிறவரின் உதடும் சுடும், நுரையீரலும் கெடும். இதற்கு மாற்றாகக் கையால் சுற்றிப் புகையைத் தள்ளும் ஒரு கருவியை ஒரு தொண்டு நிறுவனம் உருவாக்கியது. 2003-ல் உலக வங்கியின் 'டெவலப்மெண்ட் மார்க்கெட்பிளேஸ்' போட்டியில் அந்தத் திட்டத்துக்குப் பரிசு கிடைத்தது. வாயால் ஊதுவதற்குப் பதில் ஒரு கைப்பிடி. அந்தச் சின்ன மாற்றத்துக்கு எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது, பாருங்கள்.

சரி, திண்ணைக்கு வருவோம். ஸ்கூலில் படிக்கும்போது பையனுக்கு 'கிட்டி' என்று பட்டப்பெயர். தாத்தா எலி பிடித்ததால் வந்த பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, பன்னிரண்டாவது முடிகிறவரை போகவே இல்லை. தாத்தாவின் வேலை என்ன என்று பாலிடெக்னிக்கில் யாராவது கேட்டால் "விவசாயம்" என்று சொல்லிவிடுவான். பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை.

இப்படிப்பட்டவன் போயும் போயும் எலி அடிக்கிற கேமை ஏன் செய்தான் என்று கேட்கலாம். அவன் யூடியூபில் பார்த்தது மோலை. அது எலி என்று அவனுக்குத் தோன்றவே இல்லை :-)

ஜப்பானில் தொடங்கியது

இந்த விளையாட்டு அமெரிக்கச் சரக்கு என்றுதான் பல பேர் நினைப்பார்கள். இல்லை. 1970-களின் நடுவில் ஜப்பானில் டோகோ என்கிற கம்பெனி 'மொகுரா தாய்ஜி' என்று ஒரு மெஷினைக் கொண்டுவந்தது. மொகுரா என்றால் மோல், தாய்ஜி என்றால் ஒழித்துக்கட்டுவது. அதே பத்தாண்டில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஆரன் ஃபெக்டர் என்பவர் அதேபோல் ஒன்றைச் செய்தார். மோல்களை மேலே தள்ள அழுத்திய காற்றில் ஓடும் சிலிண்டர்களைப் பயன்படுத்தினார். காற்று டக்கென்று தள்ளும், டக்கென்று விடும். மேலே அடி விழுந்தாலும் காற்று அமுங்கிக் கொடுக்கும், எதுவும் உடையாது. பாப்ஸ் ஸ்பேஸ் ரேசர்ஸ் என்கிற கம்பெனி அதைத் தயாரித்து ஊர் ஊராகக் கொண்டுபோனது. இன்றைக்கு இங்கிலீஷில் ஒன்றை அமுக்கினால் இன்னொன்று கிளம்புகிற எந்தத் தொல்லைக்கும் இந்த விளையாட்டின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஜப்பானும் நெல் விளைகிற நாடு. அங்கே மோல் வரப்பைக் குடைந்து தண்ணீரை ஓடவிடும். தெற்கே கியூஷூ பகுதியில் 'மொகுரா உச்சி' என்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. வைக்கோலைச் சுற்றிக் கட்டிய கம்பால் சின்னப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்த் தரையை அடிப்பார்கள். மோல் ஓடிப்போகட்டும், விளைச்சல் பெருகட்டும் என்று வேண்டுதல். நடக்கும் தேதி ஜனவரி 14. இங்கே போகிக்குக் கொட்டடித்து, பொங்கலுக்கு அடுப்பு மூட்டுகிற அதே நேரம்! மால் விளையாட்டாகத் தெரிகிற இந்தச் சுத்தியல் சமாசாரத்துக்குள் ஒரு நெல் வயல் ஒளிந்துகொண்டிருக்கிறது.

பெட்டி பட்ட பாடு

முதல் பெட்டி அட்டையில் செய்தது. ஐந்து ஓட்டை, ஐந்து குச்சி, குச்சி நுனியில் பஞ்சு வைத்துத் தைத்த தலை. பெட்டிக்குப் பின்னால் தங்கை உட்கார்ந்துகொண்டு குச்சியைத் தூக்குவாள். உண்மையைச் சொன்னால் இதுதான் இருப்பதிலேயே சூப்பரான மாடல். தூக்குகிற மாதிரி தூக்கித் தூக்காமல் விடுவாள், இரண்டைச் சேர்த்துத் தூக்குவாள், எதிராளி அசந்த நேரம் பார்த்து ஏமாற்றுவாள். ஒரே குறை, மூன்றாவது ஆட்டத்தில் அவள் விரலில் அடி விழுந்தது. நான்காவது ஆட்டத்துக்கு ஆள் இல்லை.

இரண்டாவது முயற்சி மெடிக்கல் ஷாப் சிரிஞ்சு. இரண்டு சிரிஞ்சை ஒரு குழாயால் இணைத்து ஒன்றை அமுக்கினால் மற்றது எழும்பும். உள்ளே வெறும் காற்று இருந்தபோது அமுக்கி நேரம் கழித்துத்தான் தலை எழுந்தது. காற்று முதலில் தான் அமுங்கிவிட்டு அப்புறம்தான் தள்ளும். ஃபெக்டரின் காற்று கம்ப்ரசரிலிருந்து வேகமாக வருவது, இது கட்டைவிரலிலிருந்து வருவது. தண்ணீர் நிரப்பியதும் சரியாக வந்தது, தண்ணீர் அமுங்காதே. ஆனால் சுத்தியல் அடி அப்படியே குழாயில் இறங்கி, பொருத்து கழன்று, அடித்தவர் சட்டையெல்லாம் தண்ணீர்.

மூன்றாவது சர்வோ மோட்டார். நீல நிறத்தில் தீப்பெட்டி அளவில் இருக்கும். கட்டுப்படுத்த அர்டுயினோ போர்டு. ரொம்ப அழகாக ஓடியது, அடிக்கிற வரைக்கும். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம். ஒரே சாயங்காலத்தில் ஐந்தும் பல் போன கிழவர்கள் ஆகிவிட்டன.

நான்காவதுதான் நின்றது. கார் கதவைச் சாவி போட்டதும் டப்பென்று பூட்டுமே, அந்த சென்ட்ரல் லாக் மோட்டார். கும்பகோணத்தில் கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். பன்னிரண்டு வோல்ட், பழைய பைக் பேட்டரி போதும். கதவுக்குள் உதறலையும் தூசியையும் தாங்குவதற்கென்றே செய்தது, அதனால் ஒரு பிளாஸ்டிக் சுத்தியலைத் தாங்காதா என்ன? ஆனால் அதன் கம்பி நகர்வது ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். தலை இரண்டு சென்டிமீட்டர் எழுந்தால் எலி மாதிரி இருக்காது, ஆணி மாதிரி இருக்கும். அதற்கு ஒரு நெம்புகோல். ஒரு பக்கம் ஒரு பங்கு, மறுபக்கம் மூன்று பங்கு நீளம் என்று மரச்சட்டத்தை ஊசலாட விட்டால், இந்தப் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் நகரும்போது அந்தப் பக்கம் ஆறு எழும்பும். தூக்கும் பலம் மூன்றில் ஒன்றாகக் குறையும், பஞ்சுத் தலைக்கு அது போதும். மேலே தூக்குவது மோட்டார், கீழே இழுப்பது சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் பட்டை. தலைக்கு அடியில் ஒரு காலிங் பெல் சுவிட்ச். அடி விழுந்தால் சுவிட்ச் அமுங்கும், ஸ்கோர் ஏறும்.

ஒரு அடிக்கு ஏழு மார்க் ஏறியது வேறு கதை. சுவிட்சுக்குள் இருக்கும் தகடு ஒரு தடவை அமுங்கும்போது துள்ளித் துள்ளிப் பல தடவை தொடும். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, போர்டு எல்லாவற்றையும் எண்ணிவிடும். ஒரு அடியை எண்ணியதும் ஐம்பது மில்லி செகண்ட் காதைப் பொத்திக்கொள் என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்ததும் அடங்கியது.

முப்பது விநாடி ஆட்டம். இருபத்தைந்து தடவை தலை எழும்பும். பதினெட்டு அடித்தால் ஐந்து ரூபாய் சாக்லேட். ஆட்டத்துக்குப் பத்து ரூபாய்.

தாத்தா பார்த்தது

இதற்கெல்லாம் காசு? தாத்தாவின் முதியோர் உதவித்தொகை. 2023-ல்தான் மாதம் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு ஆனது. அதிலிருந்து எடுத்து எடுத்துத் தகர டப்பாவில் வைத்திருந்தார். பேரன் கேட்டதும் எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். திருவிழா முடிந்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சு. அவர் பேசியதாகத் தெரியவில்லை, பேரன்தான் பேசினான்.

திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது பெட்டி முழுசாக ஓடியது. தெருப்பிள்ளைகள் எல்லாரும் திண்ணையில்தான். பேட்டரி வீணாகக் கூடாது என்று ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் பையன் சுவிட்சை அணைத்துவிடுவான். தாத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம், தங்கை சுத்தியலை எடுத்ததும் அவர் வாயைத் திறந்தார்.

"மொதல்ல வாசப்பக்கம் வரும் பாப்பா. அப்பறம் நடு. அப்பறம் மறுபடியும் நடுவுலயே வரும், கைய எடுத்துடாத. அதுக்கப்பறம் அந்த ஓரம்."

அப்படியே வந்தது. வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். தங்கை இருபத்தி நாலு அடித்தாள். கடைசி ஒன்று சிரிப்பில் தவறிப்போனது.

பையனுக்கு முகமே செத்துவிட்டது. "எப்படித் தாத்தா கண்டுபிடிச்சீங்க?"

"ஒன் எலிக்குப் பழக்கம் இருக்கு தம்பி. ஒரே தடத்துல வருது. எல்லா எலியும் அப்படித்தான். இல்லாட்டி கிட்டி எப்படி விழும்?"

அன்றைக்குத்தான் அவர் பேரனிடம் கிட்டியைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார். வயலில் எலியைத் தேடக் கூடாதாம், தடத்தைத் தேட வேண்டுமாம். புல் எங்கே படிந்திருக்கிறது, சேறு எங்கே வழவழவென்று இருக்கிறது, புழுக்கை எங்கே கிடக்கிறது, எந்த வாசலில் மண் ஈரமாக இருக்கிறது என்று பார்த்து நடக்க வேண்டும். நேற்று வந்த வழியில்தான் எலி இன்றைக்கும் வரும். கிட்டியை அந்த வழியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம். எலியைத் துரத்துகிறவன் எலி பிடிக்க மாட்டான்.

புரோகிராமில் நடந்த தப்பு இதுதான். கம்ப்யூட்டருக்கு அதிர்ஷ்டம் என்று ஒன்று கிடையாது. 'ஏதாவது ஒரு எண் சொல்லு' என்று கேட்டால், ஒரு ஆரம்ப எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு அடுத்தடுத்த எண்ணைச் சொல்லும். பார்க்கத் தாறுமாறாக இருக்கும். ஆனால் ஆரம்பம் ஒன்றாக இருந்தால் வரிசையும் ஒன்றேதான். ஒவ்வொரு தடவை சுவிட்சைப் போட்டபோதும் அர்டுயினோ அதே ஆரம்ப எண்ணிலிருந்து அதே வரிசையைச் சொல்லிக்கொண்டிருந்தது. எதிலும் இணைக்காமல் விட்ட ஒரு பின்னில் காற்றோடு வருகிற மின் இரைச்சலை அளந்து, அதை ஆரம்ப எண்ணாக வைத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. இந்தப் பாடத்தை லேபில் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறான். ஞாபகம் வரவில்லை. ஒரு கிட்டிக்காரர் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

மாற்றிய பிறகு தாத்தா மறுபடி பார்த்தார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார்.

"இது எலி இல்ல. வயிறுன்னு ஒண்ணு இருந்தா வழின்னு ஒண்ணு இருக்கும்."

அன்று ராத்திரி பையன் பெட்டியின் முகப்பில் ஒட்டியிருந்த 'வேக்-அ-மோல்' பேப்பரைக் கிழித்துவிட்டுப் பெயிண்டால் 'அகழான் ஆட்டம்' என்று எழுதினான். அதன் கீழே சின்னதாக ஒரு கிட்டி படம். வில் வளைவு சரியாக இல்லை என்று தாத்தா இரண்டு தடவை அழித்து வரையச் சொன்னார்.

பி.காம்காரர்களுக்கான பகுதி

செலவுக் கணக்கு இது. சென்ட்ரல் லாக் மோட்டார் ஐந்து 900. அர்டுயினோ போர்டு 450. ரிலே போர்டு 300. தச்சுப்பட்டறையில் மிச்சப் பிளைவுட் 200. ஒயர், சாலிடர் 150. பெயிண்ட், துணி, பஞ்சு 150. சுவிட்ச் ஐந்து 100. ஆக 2,250. இதற்கு முன்னால் வீணாய்ப்போன சிரிஞ்சும் சர்வோவும் 660. மொத்தம் 2,910 ரூபாய். பேட்டரி ஓசி, திண்ணைக்கு வாடகை கிடையாது.

ஆட்டத்துக்கு 10 ரூபாய். மூன்று பேரில் ஒருவர் ஜெயித்து 5 ரூபாய் சாக்லேட் வாங்கினால், சராசரியாக ஆட்டத்துக்கு 1.67 போகும். மிச்சம் 8.33. 2,910-ஐ 8.33-ஆல் வகுத்தால் 350 ஆட்டம். அதுதான் சமநிலைப் புள்ளி. தாத்தா கண்டுபிடித்த ஓட்டையோடு திருவிழாவுக்குப் போயிருந்தால்? காலையில் நாலு பிள்ளைகள் வரிசையை மனப்பாடம் செய்துவிட்டால் மதியத்துக்குள் ஊரே ஜெயிக்கும். எல்லாரும் ஜெயித்தால் மிச்சம் 5 ரூபாய்தான், 582 ஆட்டம் ஓடியாக வேண்டும். ஒரு நாளில் நடக்காத காரியம். காஸ்டிங் பேப்பரில் 'ரிஸ்க்' என்று ஒரு வார்த்தை வருமே, அது திண்ணையில் இப்படித்தான் இருக்கும்.

திருவிழா அன்றைக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. காவடி பார்க்க வந்தவர்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த வந்தவர்கள் என்று பெட்டியைச் சுற்றி ஆள் இருந்துகொண்டே இருந்தது. ஆனால் மணிக்கணக்கில் ஓடியதும் மோட்டார் சூடேறியது. கதவுப் பூட்டு மோட்டார் ஒரு நாளில் பத்து, இருபது தடவை ஓடுவதற்குச் செய்தது. இங்கே ஒரு ஆட்டத்துக்கே இருபத்தைந்து எழும்பல். அவ்வப்போது நிறுத்தி விசிற வேண்டியிருந்தது. மதியம் ரப்பர் பட்டை ஒன்று தொய்ந்து, ஒரு எலி உள்ளே போகாமல் தலையை நீட்டிக்கொண்டே நின்றது. அதை ஒரு பொடியன் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தான், ஸ்கோர் ஏறிக்கொண்டே போனது :-)

ராத்திரி கணக்கு முடித்தபோது 287 ஆட்டம். வரவு 2,870. சாக்லேட் 94, அதாவது 470 ரூபாய். கையில் 2,400. மொத்தச் செலவோடு பார்த்தால் 510 ரூபாய் நட்டம். ஆனால் வீணாய்ப்போன 660-ஐப் புத்தகம் 'மூழ்கிய செலவு' என்கிறது. இனி எடுக்கும் முடிவுக்கு அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் 2,250 போக 150 ரூபாய் லாபம். இரண்டும் சரியான கணக்குதான். எந்தக் கணக்கைத் தாத்தாவிடம் சொல்வது என்பதைத்தான் எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. பையன் முதல் கணக்கைச் சொன்னான். 2,400-ஐத் தகர டப்பாவில் வைத்துவிட்டு, மிச்சம் 510 ரூபாய் பாக்கி என்றான்.

தாத்தா டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு ஆட்டம் போடு" என்றார்.

தெரு அடங்கிவிட்டது. தங்கை திண்ணையிலேயே தூங்கிவிட்டிருந்தாள். அவர் சுத்தியலை வாங்கி, நடு ஓட்டைக்கு மேலே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். ஓரத்தில் தலை எழுந்தது, பார்க்கவில்லை. வாசல் பக்கம் இரண்டு தடவை எழுந்தது, பார்க்கவில்லை. நடுவில் எழுந்ததும் ஒரு தட்டு. மறுபடி காத்திருந்தார்.

முப்பது விநாடி முடிந்தது. ஐந்து ஓட்டையில் இருபத்தைந்து எழும்பல் என்றால் சராசரியாக ஒரு ஓட்டைக்கு ஐந்து. அன்றைக்கு நடு ஓட்டையிலும் சரியாக ஐந்துதான் எழுந்தது. ஐந்தும் விழுந்தது. திருவிழா முழுக்க அடித்த 287 பேரில் ஒருவருக்குக்கூட, தான் குறி வைத்ததில் ஒன்றுகூடத் தப்பாமல் அடிக்க முடியவில்லை.

பதினெட்டு வராததால் சாக்லேட் கிடையாது. பேரன் எடுத்து நீட்டினான்.

"சட்டம்னா சட்டம்தான் தம்பி. பாப்பாவுக்கு வை" என்று சொல்லிவிட்டுத் தாத்தா துண்டை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பாலிடெக்னிக்கில் புராஜெக்ட் தலைப்புக் கேட்டார்கள். பையன் பெட்டியின் படத்தைக் காட்டினான். ஓரத்தில் இருக்கும் இந்த வில் மாதிரி என்ன என்று சார் கேட்டார்.

"கிட்டி சார். எங்க தாத்தா எலி புடிக்கிறவர்" என்றான்.